காய் உள்ளே, ஆள் வெளியே

பெரியவளே, போன வாரம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தமிழ் வாத்தியார் ஒரு வேலை கொடுத்திருப்பதாகச் சொன்னாய். ஒரு சின்னச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை பொருள், அது எங்கிருந்து வந்தது என்று எழுதி வர வேண்டும். உன் தம்பி ‘பூ’ என்றான். சின்னவள் ‘ஈ’ என்று சொல்லிப் பல்லைக் காட்டினாள். நீ என் பக்கம் திரும்பி, “போடிக்காரங்களுக்குக் காய்தானப்பா? அதையே எழுதுவமா?” என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. அப்பாவுக்குச் சோம்பல் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை.

நான் ஏழாவது வரை படித்தவன். தெரிந்ததை எழுதுகிறேன். தப்பிருந்தால் வாத்தியாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

நம் ஊரில் காய் என்றால் ஏலக்காய்தான். கடைத்தெருவில் நின்று “காய் வந்திருச்சா” என்று கேட்டால் யாரும் கத்தரிக்காயைக் காட்ட மாட்டார்கள். இது எனக்கே முதலில் தெரியாது. நான் பிறந்த ராசிங்காபுரத்தில் மழை பொய்த்து, கல்யாணமான புதிதில் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போனேன். முதல் நாள் சாயங்காலம் லயத்தில், அதாவது வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரரிடம் “அண்ணே, காய் என்ன கெடைக்கும்?” என்று கேட்டேன். குழம்புக்குத்தான் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு கை ஏலக்காயை அள்ளி வந்து என் உள்ளங்கையில் வைத்தார். “இதப் போட்டுக் குழம்பு வையி மாப்ளே, ஊரே மணக்கும்” என்றார். லயமே சிரித்தது. ஒரு மாதம் எனக்குக் குழம்புக்காரன் என்றே பேர்.

மரத்தில் பழுக்காமல் இருப்பது காய். தாயம் ஆடும்போது கட்டத்தில் நகர்த்துவதும் காய். மூட்டை தூக்கித் தூக்கி என் தோளில் தோல் தடித்திருக்கிறதே, அதைக் காய்த்துப்போனது என்கிறோம். நீங்கள் மூவரும் சண்டை வந்தால் ‘காய்’ விடுகிறீர்கள், சமாதானமானால் ‘பழம்’ என்கிறீர்கள். மேலே எஸ்டேட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் ‘காயா’ என்பார்கள். தெலுங்குக்காரர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் இந்தச் சொல் நம் பாஷைகள் எல்லாம் ஒரே வீட்டில் இருந்த காலத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காய் இருக்கிறது. நூலகத்துக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். அதில் அதைத் தனிச் சொல்லாகப் போட்டிருந்தார்கள். முதல் காய் செடியில் பிறந்தது, இது நெருப்பில் பிறந்தது. வெயில் காய்கிறது. நிலாவும் காய்கிறது. துணி காய்கிறது. சாப்பிடாவிட்டால் வயிறு காய்கிறது. யாராவது திட்டினால் “என்னையப் போட்டுக் காயாத” என்கிறோம். பால் காய்ச்சுகிறோம். உடம்பு சுட்டால் காய்ச்சல். இரண்டு வெவ்வேறு சொற்கள், ஒரே உருவம். எஸ்டேட் ஸ்டோரில் இரண்டும் சேர்ந்துவிடும். காய் காய வேண்டும். மலையில் என் சோலியே அதுதான், காயைக் காய வைப்பது.

இது வரைக்கும் எழுதிவிட்டு, அடுத்ததாகக் குளிர் காய்வது என்று எழுதினேன். அங்கே நின்றுவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. இனி எழுதுவது வாத்தியாருக்கு அல்ல. உனக்கு.

ஸ்டோர் என்பது ஏலக்காயை உலர்த்தும் கட்டிடம். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள், ஆவி போக. ஒரே ஒரு கதவு. வெளியே பெரிய அடுப்பு இருக்கும். அதில் விறகைத் தள்ளினால், சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே தரையில் ஓடும். குழாய்களுக்கு மேலே கம்பிவலை அடித்த தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அதில் பச்சைக்காயைப் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டால் மறுநாள் வரைக்கும் திறக்கக் கூடாது. இடையில் திறந்தால் சூடு இறங்கிவிடும், காய் வெளுத்துவிடும். பச்சை நிறம்தான் காய்க்கு உயிர் என்பார்கள். கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி உண்டு. அதையும் சாக்கை நனைத்து அடைப்போம்.

மழைக்காலத்தில் அங்கே ஒரு வழக்கம். காய் எடுக்கிற பெண்கள் காலையிலிருந்து மழையில் நிற்பார்கள். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தாலும் இடுப்பு வரைக்கும் நனைந்துதான் வருவார்கள். மத்தியானம் காய் பரப்புவதற்கு முன்னால் வெறும் ஸ்டோரைக் கொஞ்ச நேரம் சூடாக்குவோம், உள்ளே இருக்கிற ஈரம் போக. அந்த நேரத்தில் பெண்கள் உள்ளே வந்து முந்தானையைப் பிழிந்து, கையைக் காலைக் குழாய்ப் பக்கம் நீட்டிக் குளிர் காய்வார்கள். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காய் பரப்பி முடிந்ததும் ஸ்டோர்காரர் வாசலில் நின்று “காய் உள்ளே, ஆள் வெளியே” என்று மூன்று முறை கூவுவார். எல்லோரும் வந்துவிடுவார்கள். பிறகு அவர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தட்டுகளுக்குப் பின்னாலும் அடியிலும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாத்துவார்.

நான் அப்போது அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். ஸ்டோர்காரருக்குத் தங்கை கல்யாணம். தேவாரத்துக்குக் கிளம்பினார். நாலு நாள் ஸ்டோர் என் பொறுப்பு. ஜீப்பில் ஏறின பிறகும் தலையை நீட்டி, “கூப்பிடு, பாரு, சாத்து. மூணையும் செய்யணும், பாத்துக்க” என்றார். நான் சிரித்தேன். இதைக் கூடவா சொல்வார்கள் என்று இருந்தது.

ஆவணி மாதம். உனக்கு ஐந்து மாதம். உன் அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் காய் வந்து இறங்கியது. நான் குழாயைச் சூடாக்கினேன். பெண்கள் வந்து குளிர் காய்ந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். நானும் இரண்டு ஆட்களும் தட்டுகளில் காய் பரப்பினோம். ஆவியில் எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியாது. நடுவில் எப்போதோ உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். லயத்து வீட்டில் கூரை ஒழுகியது, அவளுக்கு நடுக்கம் தாங்கவில்லை. பின்சுவர் ஓரத்தில், கடைசித் தட்டுக்குப் பின்னால், வெறும் சாக்கை விரித்து உன்னை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை.

பரப்பி முடிந்தது. வாசலில் நின்று மூன்று முறை கூவினேன். தகரக் கூரையில் மழை அப்படி அடித்தது. பெண்கள் வந்தார்கள். நான் எண்ணவில்லை. விளக்கு எடுக்கவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறையாக நானே சாத்தப் போகிறேன் என்கிற பெருமை, அவ்வளவுதான். கதவைச் சாத்தினேன். கொண்டியை மாட்டினேன். ஈரச் சாக்கை அடியில் திணித்தேன். அடுப்புக்குப் போய் விறகைத் தள்ளினேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கையில் கடிகாரம் கிடையாது. விறகை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டு தடவை அடுப்பு நிறைய விறகு தள்ளினேன். என் கையால் தள்ளினேன்.

முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் கதவுப் பக்கம் போனேன். அடியில் வைத்த சாக்கு ஒரு ஓரத்தில் நகர்ந்து உள்பக்கம் போயிருந்தது. இடைவெளியில் ஆவி வந்தது. எலி இழுத்திருக்கும் என்று நினைத்தேன். குனியவில்லை. காலால் தள்ளி அடைத்தேன்.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் சேச்சி வந்தாள். மலையாளத்து அம்மா, எங்களுக்கு அடுத்த வீடு, எல்லோரும் சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். கஞ்சி கொண்டுபோய் வைக்கப் போனாளாம். வீடு திறந்து கிடக்கிறது, தூளி காலியாக இருக்கிறது.

“கொச்சு எவிடே?” என்றாள். பிள்ளை எங்கே என்று கேட்கிறாள்.

பக்கத்தில் எங்காவது இருப்பாள் என்றேன். எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டேன் என்றாள். அவள் பார்வை கதவுக்குப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“மூணு தடவ கூப்பிட்டேன் சேச்சி. எல்லாரும் வந்துட்டாங்க. இப்பத் தொறந்தா நெறம் போயிரும்.”

நான் சொன்னது இதுதான். ஒரு எழுத்து மாற்றவில்லை. அப்போது உள்ளே ஒரு சத்தம். அழுகை இல்லை, அழுவதற்கு முன்னால் வருமே, ஒரு கனைப்பு மாதிரி. அது என் காதிலும் விழுந்தது. கூரையில் மரநாய் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையின் சத்தம் எனக்கு மரநாயாகக் கேட்டது.

சேச்சி என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள். “காயா போட்டே” என்றாள். காய் போனால் போகட்டும் என்று. கொண்டியைத் தட்டிக் கதவை இழுத்தாள்.

உன் அம்மாவின் தலை வெளியே விழுந்தது. கதவில்தான் சாய்ந்து கிடந்திருக்கிறாள். பின்சுவரிலிருந்து அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறாள். நீ அவளுக்கு அடியில் இருந்தாய். உன் மூக்கு அந்த நாலு விரல் இடைவெளியில், சாக்கை ஒட்டி இருந்தது. சாக்கின் ஒரு முனை அவள் கைக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் ஓடியிருக்க வேண்டும், உன்னைத் தூக்கியிருக்க வேண்டும். மரம் மாதிரி நின்றேன். எல்லாவற்றையும் செய்தவள் சேச்சி. உன்னை எடுத்து மழையில் நீட்டினாள். உன் உடம்பு செக்கச்செவேல் என்று இருந்தது, தலை தொங்கியது. இடது முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது, குழாயில் பட்டிருக்கிறது. விரல் நுனியில் மழைத்தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உன் உதட்டில் வைத்தாள். உன் அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

கீழே காய் லோடு கொண்டுபோக ஜீப்பு நின்றது. டிரைவர் ஓடி வந்து பார்த்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி ஓடி, ஏற்றின மூட்டைகளை மழைச்சேற்றிலேயே உருட்டித் தள்ளினார். அந்த ஜீப்பில் இறங்கினோம். பின்சீட்டில் உன் அம்மாவைக் கிடத்தியிருந்தோம், சேச்சி மடியில் நீ. ஒவ்வொரு வளைவிலும் அவள் குனிந்து உன் மூக்கில் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். நிமிர்ந்து “உண்டு” என்பாள். மூச்சு உண்டு. அடுத்த வளைவு. “உண்டு.” நான் அந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் அவள் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தாள். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். எஞ்சின் நின்றதும் அந்த மலையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு “உண்டு, போ” என்றாள்.

பாதி இறக்கத்தில் மழை விட்டது. கீழே போடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஜனங்கள் குடை இல்லாமல் நடந்துபோனார்கள். எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. ஊருக்குள் வந்தபோது நீ அழுதாய். பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நடுக்கம் பிடித்தது. ஆஸ்பத்திரிப் படியில் டிரைவர் என்னைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது.

டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, “காய்ச்சலுங்கய்யா, ரெண்டு பேருக்கும்” என்றார். என்னைக் காப்பாற்றுவதாக அவர் நினைப்பு. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் உன் முழங்கையைத் தூக்கிக் காட்டி இது எப்படி என்றார். “பால் காய்ச்சுறப்பத் தெறிச்சிருச்சு” என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். இரண்டு நாள் உயிர் ஊசலாடி, மூன்றாவது நாள் நீ பால் குடித்தாய்.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாங்கள் சொல்லி வந்தது இந்த இரண்டையும்தான். குழந்தையில் மலைக்காய்ச்சல் வந்தது. பால் கொட்டித் தழும்பு ஆனது. இரண்டும் பொய்.

மலைக்குத் திரும்பிப் போய்ச் சாமான்களை எடுத்து வந்தேன். அன்றைக்குப் பரப்பின காய் முழுவதும் வெளுத்துப்போய்த் தட்டில் கிடந்தது. சூப்பர்வைசர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டோர்காரர் கல்யாணம் முடிந்து வந்திருந்தார். வேட்டியில் மஞ்சள் கறைகூடப் போகவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். யாராவது ஒருவர் திட்டியிருக்கலாம்.

உன் அம்மா என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. சோறு வைப்பாள், வெந்நீர் வைப்பாள். நான் கேட்டால் தலையாட்டுவாள். நான் போடியில் மூட்டை தூக்கப் போனேன், அவள் காய் பொறுக்கும் வேலைக்குப் போனாள். பெரிது, சின்னது, பச்சை, வெளுத்தது என்று நாளெல்லாம் பிரித்துப் போடுகிற வேலை. வெளுத்த காய் அவள் விரலில் படும்போதெல்லாம் என்னை நினைப்பாள் என்று எனக்கு எண்ணம். ஆறு மாதம் கழித்து ஒருநாள், “உப்புக் கொண்டாங்க” என்றாள். அன்றிலிருந்து பேச்சு வந்தது. அந்த நாளைப் பற்றி மட்டும் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் மூவரும் வெளியே விளையாடப் போயிருந்தீர்கள். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் இதை உன்னிடம் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியது. இங்கே வரைக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சாக்கைக் காலால் தள்ளின இடத்தை மெதுவாக வாசித்தேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை. நான் முடிக்கும் வரைக்கும் கல் பொறுக்கினாள்.

பிறகு, “கால் தெரிஞ்சுச்சு” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“சாக்க இழுத்தேன்ல, சந்துல தெரிஞ்சுச்சு. பெருவிரல்ல அட்டை கடிச்ச ரத்தம். உங்க காலுதான்னு தெரியும். கூப்புடலாம்னா நாக்கு காஞ்சு மேல ஒட்டிக்கிருச்சு.”

அத்தனை வருஷம் நான் மறைத்து வைத்திருந்தது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அவள் அதோடு நிறுத்தவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க கூப்புட்டதும் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. அப்பத்தான் ஒடம்பு நடுக்கம் விட்டுச்சு. இன்னுஞ் செத்த நேரம்னு படுத்திருந்தேன். நீங்க பாக்காமச் சாத்த மாட்டீகன்னு நெனச்சேன்.”

வெளியே உன் தம்பி யாரோடோ காய் விட்டுவிட்டு, பிறகு பழம் விட்டான். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. அந்த ஆறு மாதமும் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். பிள்ளையை வைத்துக்கொண்டு எழுந்து வராமல் படுத்திருந்தேனே என்று அவள் தன்னையே காய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறோம்.

“அதையும் எழுதுங்க” என்றாள். “உங்க தப்ப மட்டும் எழுதிப் பிள்ளகிட்டக் குடுக்காதீக.”

எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு முதல் இரண்டு தாளை மட்டும் கொண்டுபோ. குளிர் காய்வது என்பதையும் அதில் சேர்த்துக்கொள், அது நல்ல சொல்தான். மீதித் தாள்கள் உன்னிடமே இருக்கட்டும். உன் கைத் தழும்பு எப்படி வந்தது என்று இனி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பது உன் விருப்பம். பால் காய்ச்சும்போது என்று நாங்கள் இனிமேல் சொல்ல மாட்டோம்.